ஊரைக் கடைசியாகக் கேட்ட ஜமீலா

செய்தி வந்தபோது என் முன்னால் ஒரு மாணவி வாயைத் திறந்தபடி படுத்திருந்தாள். போனில் டாக்டர் ஜமீலாவின் தம்பி. "அக்கா மௌத்தாயிட்டாங்க டாக்டர். காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." பாதியில் விட்ட பல்லை அடைத்து முடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது.

திருச்சிப் பல்கலைக்கழக மாணவர்களுக்கான பல் மருத்துவ முகாம்களில் நாங்கள் இருவரும் பல ஆண்டுகள் சேர்ந்து வேலை பார்த்தோம். அவர் மலைக்கோட்டைப் பக்கம், நான் ஸ்ரீரங்கம். அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய பொறுமை தெரியும். அது என்னை எவ்வளவு படுத்தியது என்பது எனக்குத்தான் தெரியும். வெளியே வரிசை நீண்டுகொண்டே போகும். அவர் பச்சைமலையிலிருந்து வந்த ஒரு பையனிடம், வாயைப் பொத்தியிருக்கும் கையை அவனே எடுக்கும்வரை பேசிக்கொண்டிருப்பார்.

ஒருமுறை, மணிப்பூரிலிருந்து படிக்க வந்திருந்த மாணவியின் பற்களில் கறுப்புக் கறை. படிவத்தில் ஊரைப் பார்த்ததுமே 'பாக்குப் போடும் பழக்கம்' என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். அந்தப் பெண் நகராமல் நின்றாள். ஜமீலா அவளைத் தன் பக்கம் அழைத்து, "ஏதாவது மருந்து சாப்பிடறீங்களாம்மா?" என்றார். இரத்தசோகைக்கு மாதக்கணக்கில் இரும்புச்சத்து டானிக் குடிக்கிறாளாம். பாக்கைத் தொட்டதே இல்லையாம். சுத்தம் செய்ததும் கறை போயிற்று. கண்ணாடியில் பார்த்து அவள் சிரித்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் திருந்தவில்லை.

அடுத்த முகாமுக்கு எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் பையன் ஒருவன் வந்தான். அப்பா கோயில் கைங்கர்யத்தில் இருப்பவர். பளிச்சென்ற பற்கள். 'நன்று' என்று எழுதி, வீட்டில் எல்லோரையும் விசாரித்து அனுப்பினேன். வாசலில் ஜமீலா நிறுத்தினார். "தம்பி, கீழ் உதட்டைக் கொஞ்சம் இழுத்துக் காட்டுங்க."

உட்புறம் வெள்ளைத் திட்டு. புகையிலையை அங்கே ஒதுக்கி வைக்கும் பழக்கம். அவன் என்னைப் பார்த்துத்தான் அழுதான். "ஆத்துல சொல்லிடாதேங்கோ மாமி."

ஜமீலா முந்திக்கொண்டார். "யாரும் சொல்ல மாட்டோம். ஆனா இன்னைக்கே நிறுத்தணும். வாராவாரம் வந்து என்கிட்ட காட்டணும்."

சதைப் பரிசோதனை முடிவு வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. புற்று இல்லை, கவனிக்காமல் விட்டிருந்தால் ஆகியிருக்கலாம். பையன் பழக்கத்தை விட்டான், சில மாதங்களில் திட்டும் மறைந்தது. ஜமீலா நான் எழுதிய படிவத்தை என்னிடமே நீட்டினார். "நீங்களே திருத்துங்க வைதேகி."

அதன் பிறகு படிவத்தையே மாற்றினார். ஊர், சமூகம் என்ற கேள்விகள் கடைசிப் பக்கத்துக்குப் போயின. "முதல்ல ஊரைக் கேட்டுட்டா, அப்புறம் வாயைப் பார்க்கத் தோணாதுங்க" என்றார்.

ஜமீலாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அந்தப் பையனுக்கு முன்னால் எத்தனை பேரை அப்படி அனுப்பியிருப்பேன்? பழைய படிவங்களை எடுத்து, என் கையெழுத்துள்ளவற்றைப் பிரித்தேன். ஒவ்வொருவராகப் போனில் கூப்பிடுகிறேன். சிலர் சென்னையில், சிலர் துபாயில். பல் டாக்டர் என்றதும் பயந்துபோகிறார்கள். "ஒண்ணுமில்ல, அன்னைக்கு நான் சரியாப் பார்க்கல. பக்கத்துல யார்கிட்டயாவது ஒரு தடவை காட்டிடுங்க" என்கிறேன்.

இன்னும் பாதிப் பேர் பாக்கி. ஜமீலாவிடமிருந்து என்னோடு தங்கியிருப்பது இந்த நிம்மதியின்மைதான். இது தணியாமல் இருக்கட்டும்.