மான்ட்ரியலில் வாங்கிய பின்னல் செருப்பு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஈரோட்டில் ஒரு சைக்கிள் கடையில் காற்றடித்துக் கொடுக்கும் வேலையில் ஆரம்பித்தேன். அப்புறம் வெல்டிங் பழகினேன். வாடகை மிஷினை வைத்து ஜன்னல் கம்பி அடித்தேன். கடைசியில் பீரோவும் கட்டிலும் செய்கிற பட்டறையைச் சொந்தமாகப் போட்டேன். பேங்கில் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஒரு தடவை பட்டறை எரிந்து கூரை உட்கார்ந்துவிட்டது. அடுத்த வருசமே அதைவிடப் பெரிதாகக் கட்டினேன். எங்கள் வீதியில் முதன்முதலில் மொசைக் தரை போட்டது என் வீட்டில்தான். மகளை டீச்சர் ஆக்கினேன். மகனை என்ஜினீயருக்குப் படிக்க வைத்துக் கனடா அனுப்பினேன். எல்லாம் தனியாளாகச் செய்தேன் என்று நான் யாரிடமாவது சொல்லும்போது என் சம்சாரம் உள்ளே இருந்து “ஓஹோ” என்பாள். சரி, அவளையும் சேர்த்தே சொல்கிறேன்.

அப்படிப்பட்ட நான், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலத் தொடக்கத்தில், மான்ட்ரியல் நகரத்தில் ஒரே ஒரு பொருள் வாங்கத் தெரியாமல் தெருத்தெருவாக அலைந்தேன்.

மகன் வில்லரே என்கிற பகுதியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தான். அந்த ஊரில் மாடிப்படியை வீட்டுக்கு வெளியே, இரும்பில், வளைத்து வைக்கிறார்கள். அருமையான வேலைப்பாடு. போன முதல் வாரமே மகன் வீட்டுப் படியில் ஒரு வெல்டிங் விட்டிருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னேன். “வீட்டு ஓனர் பாத்துக்குவாருப்பா” என்றான். அதோடு அந்த ஊருக்கு என்னால் ஆகவேண்டிய வேலை முடிந்துவிட்டது.

காலையில் மகனும் மருமகளும் கிளம்பும்போதே பேத்தியைக் கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், விட்டுவிடுவார்கள். சாயங்காலம் வரை நானும் ஹீட்டரும்தான். பேத்தி திரும்பி வந்ததும் என்னிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்பாள். நான் தலையாட்டுவேன். தப்பாகத் தலையாட்டிவிட்டேன் போலிருக்கிறது, அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடுவாள். ஊரில் பட்டறைச் சத்தத்தில் போன் மணி அடித்தால் காதில் விழாது. இங்கே நான் தொண்டையைச் செருமினால் அது எனக்கே பெரிதாகக் கேட்டது.

சம்சாரம் என்னோடு வரவில்லை. அவளுக்குச் சர்க்கரை. கால் வீங்கிவிடும், அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் கிளம்பும்போது ஒன்றுதான் கேட்டாள்.

“ஏனுங்க, இங்க கடைவீதியில கிடைக்கிறதை அங்கிருந்து சொமந்துட்டு வராதீங்க. அந்த ஊர்ல மட்டும் இருக்கற மாதிரி ஏதாச்சும் ஒண்ணு கொண்டாங்க. சின்னதா இருந்தாப் போதும்.”

ஏன் கேட்டாள் என்றால், பக்கத்து வீட்டுக்காரர்கள் சிங்கப்பூர் போய்விட்டு வந்து அவளுக்கு ஒரு பூப்போட்ட துண்டு கொடுத்திருந்தார்கள். இவள் தறிக்காரர் வீட்டுப் பெண். துண்டைக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “பவானிப் பக்கத்துத் தறி. பாவம், கடல் தாண்டிப் போயிட்டு வந்திருக்குது” என்றாள். அவளை ஏமாற்ற முடியாது. கல்யாணமாகி அத்தனை வருசத்தில் அவள் வாயைத் திறந்து என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். நகை, புடவை எல்லாம் நான் காசைக் கொடுப்பேன், மகளோடு போய் அவளே வாங்கிக்கொள்வாள். இதை மட்டும் நான் பார்த்து வாங்க வேண்டும் என்றாள்.

மகனிடம் சொன்னேன். “கிளம்புறதுக்கு முந்தின வாரம் பெரிய கடைக்குப் போயி மொத்தமா சாக்லேட் வாங்கிடலாம்ப்பா. இல்லேன்னா மேப்பிள் பாகு வாங்கலாம், அதுதான் இந்த ஊரு ஸ்பெஷல்” என்றான். சர்க்கரைக்காரிக்குப் பாகு வாங்கிக்கொண்டு போகச் சொல்கிற என்ஜினீயரைப் பெற்றிருக்கிறேன்.

சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மெட்ரோ ஏறினேன். துறைமுகத்தை ஒட்டிய பழைய நகரத்தில் கல் பாவிய தெருக்கள். இரண்டு பக்கமும் நினைவுப் பொருள் கடைகள். சிவப்பு இலை போட்ட பனியன், சாவி வளையம், குட்டிக் கரடி, குதிரைப் போலீஸ் பொம்மை. ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடியில் பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு எனக்கு வரும். சைனா. தைவான். சைனா. இலை போட்ட துண்டு ஒன்று இருந்தது. அதை என் விரலாலேயே தேய்த்துப் பார்த்தேன். அவள் என்ன சொல்வாள் என்று எனக்கே தெரிந்துவிட்டது. நான் எல்லாவற்றையும் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்ப்பதை அந்தக் கடைப் பெண் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தாள். கடைசியில் என் கைப்பையைத் திறந்து காட்டச் சொல்லிச் சைகை செய்தாள். உள்ளே மருமகள் கட்டிக் கொடுத்த தயிர்சாதமும் ஊறுகாயும் இருந்தன. பையை மூடிக்கொண்டு வெளியே வந்து, ஆற்றைப் பார்த்தபடி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டேன். சாதம் சில்லிட்டுக் கட்டியாகிவிட்டிருந்தது. முப்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன், யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். யாரும் பார்க்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வாரக்கணக்கில் இப்படியே அலைந்தேன். ஊர் திரும்பும் நாள் நெருங்கிவிட்டது.

மகன் வீட்டுத் தெருமுனையில் ஒரு சின்னக் கடை. டெப்பனர் என்பார்கள். பால், பிரெட், சிகரெட் கிடைக்கும். அதில் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் வேலை பார்த்தார். பகலில் நான் தமிழில் பேச அந்த ஊரில் இருந்த ஒரே ஆள் அவர்தான். வேண்டாத பாலை எல்லாம் வாங்கினேன், பேசுவதற்காக. அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பி வந்த என்னைப் பார்த்ததும் அவர் சிரித்தார்.

“என்ன ஐயா, இண்டைக்கும் ஒண்டும் அம்பிடேல்லையோ? இந்தியாவில இருந்து வாற ஐயாமார் எல்லாம் சொக்லேற்றும் சம்பூவும் காவிக்கொண்டு போயிடுவினம். நீங்கள் ஆள் வேறை.”

“அவளுக்கு அதெல்லாம் ஆகாது தம்பி” என்றேன்.

“இந்தச் சனி ஞாயிறு பக்கத்துத் தெருச் சேர்ச்சுக்குக் கீழை பசார் போடுகினம். கிழவியள் தங்கட கையால செய்த சாமானெல்லாம் கொண்டந்து விப்பினம். போய்ப் பாருங்கோ.”

எனக்குப் பாஷை தெரியாதே என்றேன். “எனக்கும் வந்த புதுசில தெரியாது. கையைக் காட்டித்தான் சாப்பிட்டனான்” என்றார். பாலைப் பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டே, “உங்களுக்குக் கொண்டுபோய்க் குடுக்க அங்கை ஆள் இருக்கு. வடிவாப் பாத்து வாங்குங்கோ” என்றார். அவருக்கு ஊரில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை மகன் பேத்தியை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போயிருந்தான். நான் கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தேன். தேவாலயத்தின் பக்கவாட்டில் கீழே இறங்குகிற படி. உள்ளே கதகதப்பாக இருந்தது. காப்பி வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் கலந்து அடித்தன. நீள நீள மேஜைகள், ஜாம் பாட்டில்கள், பழைய பீங்கான். எல்லா மேஜையிலும் இரண்டு மூன்று பேர் அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி மேஜையில் மட்டும் ஒரு அம்மாள் தனியாக உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கும். அவர் முன்னால் தடிமனான நூலில் பின்னிய கால் உறைகள். கணுக்கால் வரைதான், செருப்பு மாதிரி. ஆரஞ்சும் ஊதாவும், பச்சையும் ரோஸும். பார்க்கவே கண் கூசியது.

பழக்க தோஷத்தில் ஒன்றை எடுத்துக் கவிழ்த்து அடியில் பார்த்தேன். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நான் பின்னியது என்று அர்த்தம்.

நான் தமிழில்தான் பேசினேன். இங்கிலீஷ் பேசினால் அவருக்குப் புரியாது, எனக்கும் வராது, பிறகு எதற்கு இன்னொரு பாஷை. “இதை எங்க போடுறதுங்க?” என்றேன். அவர் பிரெஞ்சில் பதில் சொல்லிக்கொண்டே செய்து காட்டினார். வாசலில் பூட்ஸைக் கழற்றுவது, வெறுங்காலை வீட்டுத் தரையில் வைப்பது, உடம்பைக் குலுக்கி நடுங்குவது, இதை மாட்டிக்கொள்வது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. இவர்களும் நம்மைப் போலத்தான். வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடப்பதில்லை.

என் சம்சாரத்துக்குச் சர்க்கரை வந்த பிறகு பாதம் ஒரு நேரம் எரியும், ஒரு நேரம் ஐஸ் மாதிரி ஆகிவிடும். விடிகாலையில் நான் பெருமையாகப் போட்ட மொசைக்கில் அவளால் கால் வைக்க முடியாது. கோணிச் சாக்கை விரித்து விரித்து அடுப்படிக்குப் போவாள். டாக்டர் வீட்டுக்குள்ளும் செருப்புப் போடச் சொன்னார். அடுப்படியில் செருப்பா, சாமி ரூம் பக்கத்தில் செருப்பா என்று அவள் மறுத்துவிட்டாள். இதில் தோலும் இல்லை, ரப்பரும் இல்லை. தெரு மிதித்ததும் இல்லை. வெறும் நூல். இதை அவள் போடுவாள்.

ஆனால் மேஜையில் இருந்ததெல்லாம் அந்த ஊர்க் கால்களுக்குச் செய்தது. எல்லாம் பெரிசு. நான் தலையாட்டினேன். எவ்வளவு வேண்டும் என்று அவர் இரண்டு கையையும் அகட்டிக் கேட்டார். நான் என் கையை மேஜை மேல் விரித்து ஒரு சாண் வைத்து, அதில் ஒரு விரற்கடை குறைத்துக் காட்டினேன். யோசிக்கவே இல்லை. தினமும் படுக்கப் போகிறதுக்கு முன்னால் அந்தப் பாதத்துக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவன் நான். இது இதுவரை யாருக்கும் தெரியாது. மகளுக்குக்கூடத் தெரியாது.

அந்த அம்மாள் என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். ஒரு பையைத் திறந்து நூல்களைக் காட்டினார். நிறம் நான்தான் சொல்ல வேண்டும். எனக்கு என்ன தெரியும் நிறத்தைப் பற்றி. என் பட்டறையில் பீரோவுக்கு அடிக்கிற கரும்பச்சையை எடுத்தேன். ஓரத்துக்கு, பெயிண்டுக்கு முன்னால் அடிக்கிற ரெட் ஆக்சைடு நிறம். அவர் நூல்கண்டை என் இரண்டு கையிலும் மாட்டிவிட்டு, தன் பக்கம் இழுத்து உருண்டையாகச் சுற்றினார். என் ஆட்கள் யாராவது அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்திருந்தால் மறுநாள் வேலைக்கு வந்திருக்க மாட்டார்கள்.

மத்தியானம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் பின்னினார். நான் பட்டறை எரிந்த கதையைச் சொன்னேன். அவரும் ஏதோ நீளமான கதை சொன்னார், நடுவில் ஒரு தடவை கண்ணைத் துடைத்தார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் அந்த ஊருக்குப் போனதிலிருந்து அவ்வளவு நேரம் நான் பேசி ஒருவர் கேட்டதும், ஒருவர் பேசி நான் கேட்டதும் அன்றைக்குத்தான்.

மூடுவதற்குள் ஜோடியைப் பின்னி முடித்துக் கொடுத்தார், காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன். மூடும் நேரத்தில் மற்ற மேஜைக்காரர்களைக் கூட்டிப்போகப் பிள்ளைகள் காரில் வந்தார்கள். அந்த அம்மாளுக்கு யாரும் வரவில்லை. அவருடைய பெட்டியை நான் மேலே தூக்கிவந்து கொடுத்தேன். கையுறையைக் கழற்றிவிட்டு, என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். “மெர்சி” என்றார். அது மட்டும் புரிந்தது. நன்றி சொல்ல வேண்டியது நான். பனியில் அவர் பெட்டியோடு மெதுவாகப் போவதைத் தெரு திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் மகன் பதறிப் போயிருந்தான். “எங்கப்பா போனீங்க, தேடாத இடமில்ல” என்றான். பையைத் திறந்து காட்டினேன். “இதையா வாங்கினீங்க? இது இங்க எல்லார் வீட்டு வாசல்லயும் கிடக்குமேப்பா. கலரைப் பாருங்க. அம்மாவுக்கு நல்லதா ஏதாச்சும் வாங்கலாம், இதை விடுங்க” என்றான். நான் விடவில்லை. பெட்டியில் வேட்டிக்கு நடுவில் வைத்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்ததும் சம்சாரம் அதைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் தேய்த்தாள். “நூலு மட்டம்தானுங்க” என்றாள். திருப்பி உள்பக்கம் பார்த்தாள். “கை நல்ல கை. இது எந்தத் தறியும் இல்ல.” அப்புறம், “இதென்ன, பீரோக் கலரு” என்று சிரித்தாள். காலில் மாட்டினாள். தைத்து வைத்த மாதிரி உட்கார்ந்தது. அளவு எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. சாமி ரூம் வாசலில் மட்டும் கழற்றி வைப்பாள். மற்றபடி அதைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள்.

அவள் போய்ச் சில வருசம் ஆகிறது. காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள், “கனடாவுல இருந்து மகன் வாங்கிக் குடுத்தது, கடைசி வரைக்கும் கால்ல போட்டிருந்தா மகராசி” என்று பேசிக்கொண்டார்கள். மகன் பக்கத்தில்தான் நின்றான், தலையை ஆட்டினான். துக்கத்தில் ஆட்டியிருக்கலாம். நான் பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் சண்டை போடுவதா என்று விட்டுவிட்டேன். இப்போது ஊரெல்லாம் அப்படித்தான் சொல்கிறது. போன மாசம் என் மகளே ஒருத்தரிடம் அப்படிச் சொன்னாள்.

மகன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் அம்மாவுக்கு நிறையச் செய்திருக்கிறான், அதெல்லாம் அவன் பேரிலேயே இருக்கட்டும். ஆனால் ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகைக்கு நான் எழுதி அனுப்புகிற இந்தக் கட்டுரையில் வேறு எதை வெட்டினாலும் இதை மட்டும் வெட்டாமல் போட வேண்டும். அந்தக் குளிரில் தனியாக நடந்துபோய், அதைப் பார்த்து, அளவு சொல்லி, நிறம் சொல்லி, உட்கார்ந்து வாங்கி வந்தது அவளுடைய மகன் இல்லை. அவளுடைய வீட்டுக்காரன். இனிமேல் யார் அதைப் பற்றிப் பேசினாலும், வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.