வெளிநடப்புச் செய்யாத காலை

1. செருப்பு

சட்டமன்றத்தில் நான் முதலில் கற்றுக்கொண்ட வேலை, எழுந்து வெளியே போவது. ஆத்தூரில் வெற்றிலை மண்டி வைத்திருந்தவன் நான். உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிடுவது மண்டிப் பழக்கம். முதல் நாள் பேரவையிலும் மேசைக்கடியில் கழற்றிப் போட்டிருந்தேன். திடீரென்று எங்கள் கூட்டணியின் பெரிய கட்சிக்காரர்கள் மொத்தமாக எழுந்தார்கள். எங்கள் கட்சிக்கு மூன்றே பேர். தலைவர் என் தோளைத் தட்டினார். வெளிநடப்பாம்! எதற்கென்றே தெரியாமல் வெறுங்காலோடு ஓடினேன். மறுநாள் பேப்பரில் என் கால்தான் பெரிதாக வந்திருந்தது.

"பெரிய கட்சி எந்திச்சா நாமளும் எந்திக்கணும்வே. கூட்டணின்னா அதான். இனி செருப்பைக் கழட்டாதேயும்" என்றார் தலைவர்.

அதற்குப் பிறகு கழற்றியதில்லை. அவர் காலத்துக்குப் பின் கட்சித் தலைமை என் தலையில் விழுந்தது.

2. தூண்டில் வளைவு

வேம்பார் பக்கம், என் தொகுதியில் ஒரு கடலோரக் கிராமம். வருஷத்துக்கு வருஷம் கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது. கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டினால்தான் அலை அடங்கும். ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்து அலுத்திருந்தார்கள். மீன் விற்கும் செல்வமேரியின் வீட்டில் பின்சுவர் போய்விட்டது. அடுத்தது அடுப்படி. கேள்வி நேரத்தில் கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் எங்களை டிவியில் பார்ப்பவர்.

"அண்ணாச்சி, நீங்க வெளிய போயிட்டு வாரதுக்குள்ள கடல் உள்ள வந்துரும்" என்றார்.

சுருக்கென்று தைத்தது. கோபமும் வந்தது. ஆனால் யாரைக் கோபிப்பது? உள்ளதைத்தானே சொன்னார்.

3. அந்தக் காலை

பல மாத இழுபறிக்குப் பிறகு என் கேள்வி பட்டியலில் ஏறியது. அன்றைக்குப் பார்த்து, பெரிய கட்சியின் கொறடா லாபியில் என் காதைக் கடித்தார். அவை கூடியதும் வெளிநடப்பு, கேள்வி நேரம் முழுக்கப் புறக்கணிப்பு. பேரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் கேள்வி காலி. மறுபடி எந்தக் கூட்டத்தொடரில் வருமோ! கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள் என்று கெஞ்சினேன். வெளியே டிவிக்காரர்கள் காத்திருப்பதாகச் சொன்னார்.

"தேர்தல் வருது. சீட் பேசணும். யோசிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் மற்ற இரண்டு உறுப்பினர்களையும் அவர்களோடு போகச் சொன்னேன், பழி என்னோடு போகட்டும் என்று. இருக்கையில் அமர்ந்து செருப்பைக் கழற்றி, கால் எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிட்டேன். பழக்கதோஷத்தில் எழுந்துவிடக் கூடாதல்லவா.

எல்லோரும் எழுந்தார்கள். நான் எழவில்லை. ஆளுங்கட்சி வரிசை மேசையைத் தட்டிச் சிரித்தது. என்னைத் தாண்டிப் போன கூட்டணிக்காரர் ஒருவர் துரோகி என்று முணுமுணுத்தார். என் பேரைக் கூப்பிட்டதும் எழுந்து கேள்வியைக் கேட்டேன்.

பரிசீலனையில் இருக்கிறது என்று அமைச்சர் முடிக்கப் பார்த்தார். துணைக் கேள்வியில் பிடித்துக்கொண்டேன். அடுப்படியும் போன பிறகு பரிசீலித்து என்ன பயன், இந்த ஆண்டு கட்டுவீர்களா மாட்டீர்களா என்றேன். எங்கள் எதிர்க்கட்சி வரிசை காலியாகக் கிடந்ததால் கூச்சலுமில்லை, அவர் நழுவ வழியுமில்லை. இந்த ஆண்டே பணி தொடங்கும் என்றார். அது அவைக்குறிப்பில் ஏறியது.

அடுத்த தேர்தலில் கூட்டணியில் எங்களுக்கு இடமில்லை. தனியாக நின்றேன். நன்றாகவே தோற்றேன்.

புதிதாக வரும் உறுப்பினர்களுக்குச் சொல்வேன்: வெளிநடப்பு தப்பில்லை, நானும் எத்தனையோ செய்தவன்தான். ஆனால் எழுவதற்கு முன், நீங்கள் உட்கார்ந்திருப்பதை நம்பி எவர் வீட்டுச் சுவர் நிற்கிறது என்று பார்த்துவிட்டு எழுங்கள்.

போன மாதம் அந்தக் கிராமத்துக்குப் போனேன். கடலுக்குள் கல்வரிசை நீண்டு கிடக்கிறது. செல்வமேரி வீட்டுக்குப் புதுப் பின்சுவர், வெள்ளையடித்து. பதவி போனவனாயிற்றே என்று வாசலிலேயே தயங்கினேன்.

"என்ன அண்ணாச்சி, அங்கனயே நிக்கிய? செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க" என்றார்.