திருத்தம் ஏதும் உண்டா?

நாதன்தான் தொலைபேசியில் சொன்னார். "பரமு, வேலா போயிட்டாருலா. காலையில ஆறு மணிக்கு. அம்பாங்கான் வீட்டுலதான் வச்சிருக்காங்க. மூணு மணிக்கு எடுக்குறாங்க."

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் எப்படி, எதனால் என்று ஒன்றும் கேட்கவில்லை என்பது உறைத்தது. திரும்ப அழைத்துக் கேட்டேன். மாரடைப்பாம். காலை நடைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்.

சிரம்பானில் எங்கள் சின்னக் கல்லூரியில் படித்தவர்களும் வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். வேலாயுதம் சாரைக் கணித விரிவுரையாளராகத்தான் உங்களில் பலருக்குத் தெரியும். எனக்கு அவர் பாடத்திட்டக் குழுவின் செயலாளர். பட்டப்படிப்பில் எந்தப் பாடம் இருக்க வேண்டும், எது போக வேண்டும், யார் எதைப் படித்த பிறகு எதைப் படிக்கலாம் என்பதையெல்லாம் முடிவு செய்கிற ஐந்து பேர் குழு அது. தலைவர் டாக்டர் லிம், செயலாளர் வேலா சார், கணக்கியல் நாதன், ஆங்கிலத்துறை அம்மையார் ஒருவர், பொருளியலுக்கு நான். மாதக் கடைசிப் புதன்கிழமை, நூலகத்துக்குப் பின்னால் இருந்த அறையில், டீயும், உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப்பும் வைத்துக்கொண்டு கூடுவோம். கறிபாப் நன்றாக இருக்கும். கூட்டம் கொட்டாவி வரவழைக்கும்.

வேலா சாருக்கு மட்டும் அது கோயில் காரியம் மாதிரி. சட்டைக் கையை மடித்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எங்களை ஒரு சுற்றுப் பார்த்து, "சென்ற கூட்டக் குறிப்பில் திருத்தம் ஏதும் உண்டா?" என்று கேட்பார். ஆங்கிலத்தில்தான் கேட்பார். யாரும் திருத்தம் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு நொடி நின்றுதான் பார்வை நகரும். ஒருமுறை நான், "எதுக்கு சார் இந்தச் சடங்கு, உங்க குறிப்புல தப்பே இருக்காதே" என்று சீண்டினேன். "எழுதுறவன் கண்ணுக்குத் தன் தப்பு தெரியாது மிஸ். அதுக்குத்தான் நாலு பேரு" என்றார்.

பதினோராம் விதி வந்த கதையைச் சொல்ல வேண்டும். தட்டச்சைப் பட்டப்படிப்பில் ஒரு பாடமாக்க வேண்டும் என்று நாதன் மூன்று கூட்டங்களில் தொடர்ந்து தீர்மானம் கொண்டுவந்தார். தோற்கப்போகிறது என்று தெரிந்ததும் வாக்கெடுப்புக்கு முன்னால் திரும்பப் பெற்றுக்கொள்வார். அடுத்த மாதம் மறுபடி கொண்டுவருவார். எங்கள் உயிரை வாங்கினார். கடைசியில் வேலா சார் ஒரு விதி எழுதிக் கொண்டுவந்தார்: திரும்பப் பெறப்பட்ட தீர்மானம், தோற்ற தீர்மானத்தைப் போலவே, இரண்டு கல்வியாண்டுகளுக்கு மீண்டும் வரக்கூடாது. விதிவிலக்கு ஏதாவது வேண்டாமா என்று லிம் கேட்டார். "கதவுன்னு ஒண்ணு வச்சா எல்லாரும் அது வழியாத்தான் வருவாங்க" என்றார் வேலா சார். நாதனைத் தவிர எல்லோரும் சிரித்துக்கொண்டே கை தூக்கினோம். நானும்தான். அதன் பிறகு அந்த விதியைப் பயன்படுத்தத் தேவையே வரவில்லை. ஆறு வருடத்தில் எல்லோரும் மறந்துபோனோம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம், லிங்கி, ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து நான்கு பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்தார்கள். அவர்கள் படித்த பள்ளியில் கூடுதல் கணிதம் நடத்த ஆசிரியரே இல்லை. எங்கள் முதலாண்டில் புள்ளியியல் கட்டாயப் பாடம். நால்வரும் தவறினார்கள். இரண்டாம் முறையும் தவறினால் கல்லூரியை விட்டு வெளியேற வேண்டும். வேலா சாரும் லிங்கி பக்கம் பிறந்தவர்தான், ஆனால் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. "புள்ளைங்களுக்கு மூளை இல்லாம இல்ல மிஸ். நடுவுல நாலு படியைக் காணோம், அவ்வளவுதான்" என்று மட்டும் சொன்னார். அந்த நாலு படிக்காக ஒரு பாடம் எழுதினார். ஏணிப் பாடம் என்று பெயர் வைத்தார். ஒரு பருவம் அடிப்படைக் கணிதம். அது பட்டத்தில் சேரும். அதை முடித்த பிறகு புள்ளியியலுக்குத் திரும்பலாம்.

தீர்மானம் வந்த புதன்கிழமை மழை. லிம் தயங்கினார். தேர்வு நடத்தும் பல்கலைக்கழகம் நம் தரம் இறங்கிவிட்டது என்று நினைக்குமே என்றார். ஆங்கில அம்மையார் ஆமாம் என்று தலையாட்டினார். நாதன் வாயே திறக்காமல் தாளில் கட்டம் கட்டமாகக் கிறுக்கிக்கொண்டிருந்தார். நான் ஜவுளிக் கடைக்காரர் மகள். உள்ளே வருகிறவர் சேலை எடுப்பாரா, வெறுமனே பார்த்துவிட்டுப் போவாரா என்று முகத்தை வைத்தே சொல்லிவிடுவார் என் அப்பா. அந்தக் கண் எனக்கும் உண்டு என்ற பெருமை அப்போது கொஞ்சநஞ்சமில்லை. தட்டச்சுக் கோபம் இன்னும் நாதனுக்குத் தீரவில்லை, மூன்றுக்கு இரண்டு என்று தோற்கப்போகிறோம் என்று தீர்மானித்தேன். ஒரு சீட்டில், "திரும்ப எடுத்துடுங்க சார், அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று எழுதி மேசைக்கு அடியில் நீட்டினேன்.

அவர் படித்தார். என்னைப் பார்த்தார். "திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்றார். சொல்லிவிட்டு அதைக் குறிப்பில் எழுதப் போனவரின் பேனா பாதியில் நின்றது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். உடம்புக்கு என்னமோ என்றுதான் நினைத்தேன். கூட்டம் முடிந்து மாடிப்படியில் இறங்கும்போது சொன்னார்: "பதினோராம் விதி, மிஸ்."

திரும்பப் பெற்றது இனி இரண்டு வருடத்துக்கு வர முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "யாருக்கும் ஞாபகம் இல்ல சார். பேசாம நிரல்ல போட்டுடுங்க" என்றேன். அடுத்த மாதக் கூட்ட நிரலில் ஆறாவதாக ஏணிப் பாடம் இருந்தது. அதற்குக் கீழே, பதினோராம் விதிப்படி இது ஏற்கத்தக்கதா என்று குழு முடிவு செய்ய வேண்டும் என ஒரு வரியையும் தட்டச்சு செய்திருந்தார். அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

அன்றும் வழக்கம்போல, "சென்ற கூட்டக் குறிப்பில் திருத்தம் ஏதும் உண்டா?" என்று கேட்டார். குறிப்பில், செயலாளர் தம் சொந்த விருப்பத்தின்பேரில் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார் என்று இருந்தது. சீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் பார்வை என் முகத்தில் வந்து நின்றது. நான் கறிபாப் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்வை நகர்ந்துவிட்டது.

நிரலின் ஆறாவது விஷயத்துக்கு வந்தபோது நாதன் மெதுவாகத்தான் பேசினார். "ரூல்னா எல்லாருக்கும் ரூல்தானேலா வேலா. எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணா?" லிம் விதிப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார். விலக்கு எங்கும் இல்லை. நம் கையை நாமே கட்டிக்கொண்டோம் என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதை வேலா சார் அப்படியே குறிப்பில் எழுதினார். அவர் எழுதுவதை நாங்கள் நால்வரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் தானே அந்த நால்வருக்கும் வகுப்பெடுத்தார். நானும் ஒன்றிரண்டு நாள் போய் உட்கார்ந்தேன். விட்டுப்போன இரண்டு வருடத்தை எட்டு சனிக்கிழமையில் எப்படி அடைப்பது? ஒருவன் தேறினான். மூவர் போனார்கள். அவர்களில் செல்வராணி என்ற பெண், சான்றிதழ்களைத் திரும்ப வாங்க வந்தபோது என் அறை வாசலில் நின்று, "வேலா சாருகிட்ட சொல்லிருங்க மிஸ், அவரு மேல எங்களுக்குக் கோவம் இல்லன்னு" என்றாள். என் மேல் கோபம் உண்டா என்று நான் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்க வழியும் இல்லை.

இரண்டு ஆண்டு கழித்து ஏணிப் பாடம் மீண்டும் வந்தது. டீ ஆறுவதற்குள் ஒருமனதாக நிறைவேறியது. அந்த வாரமே வேலா சார் செல்வராணியைத் தேடித் தோட்டத்துக்கு பஸ் ஏறினார். அவள் செனவாங் தொழிற்சாலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. "என்ன சொன்னா சார்?" என்று கேட்டேன். "டீ போட்டுக் குடுத்துச்சு மிஸ். நல்ல டீ" என்றார். ஏணிப் பாடத்தில் படித்து எத்தனையோ பேர் பிறகு பட்டம் வாங்கினார்கள். இதைப் படிக்கிற உங்களில் சிலரும் அப்படி வந்தவர்கள்தான். அதைச் சொல்லி அவரைத் தேற்றப் பார்ப்பேன். "அது சரி மிஸ்" என்பார். அந்த மூவரையும் எண்ணிக்கொண்டுதான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அம்பாங்கானில் பந்தலுக்கு வெளியே நானும் நாதனும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். நாதன் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தார். "ஒண்ணு சொல்லணும் பரமு. அன்னைக்கு ஓட்டுக்கு விட்டிருந்தா நான் கை தூக்கியிருப்பேன்லா. மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டுத்தான் உக்காந்திருந்தேன். அவரு ஏன் திரும்ப எடுத்தாருன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல. அடுத்த மாசம் ரூல்னு வந்ததும் பழைய கோவம் வந்துருச்சு."

மூன்றுக்கு இரண்டு. நான் போட்ட கணக்கு சரிதான். பக்கம்தான் மாறிவிட்டது.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். வண்டி ராசா சாலைப் பக்கம் திரும்பும்வரை சாலையோரம் நின்றேன்.

வேலா சாரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு பார்வைதான். கண்ணாடிக்கு மேலாக என் முகத்தில் வந்து, ஒரு நொடி நின்று, காத்திருந்துவிட்டு நகர்ந்த பார்வை. அவர் அந்தக் கேள்வியை ஒவ்வொரு மாதமும் கேட்டார். ஓய்வு பெறும்வரை கேட்டார். ஒவ்வொரு மாதமும் நான் தட்டைத்தான் பார்த்தேன்.

உண்டு சார். ஒரு திருத்தம் உண்டு. செயலாளர் தம் சொந்த விருப்பத்தின்பேரில் திரும்பப் பெறவில்லை. அந்தச் சீட்டை எழுதியவள் நான்.