நெடுவலா, கட்டையனா?

மோட்டார் சைக்கிளை ஓடிப் பார்த்து நல்லது கெட்டது சொல்வதும் ஒரு உத்தியோகமா என்று யாராவது கேட்டால், அவர் யுத்த காலத்தில் திருகோணமலையில் சைக்கிள் வைத்திருக்காதவர் என்று முடிவுகட்டிவிடலாம். வைத்திருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இராணுவம் மறித்துச் சோதிக்கும் சென்றி, பெற்றோல் வரிசை, மண்டை பிளக்கும் வெயில் எல்லாவற்றையும் என்னோடு சேர்ந்து அனுபவித்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உட்துறைமுக வீதியில் ஒரு நிவாரண நிறுவனத்தில் எனக்கு வாகனப் பொறுப்பு. கிராமங்களுக்குப் போய்த் தாய்மாரையும் குழந்தைகளையும் பார்க்கும் ஊழியர்கள் எட்டுப் பேர் எங்களிடம் இருந்தார்கள். அவர்களுக்கு எட்டு மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவதென்று கொழும்புத் தலைமைக் கந்தோர் முடிவெடுத்தது. தார் றோட்டிலும் ஓட வேண்டும், காட்டுப் பாதையிலும் ஓட வேண்டும், எட்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். இரண்டு வகையில் ஒவ்வொன்றை அனுப்பி, ஒரு மாதம் ஓடிப் பார்த்து நிரப்பச் சொல்லி இருபத்திரண்டு நிரல் கொண்ட ஒரு படிவத்தையும் அனுப்பினார்கள்.

ஒன்று காட்டுக்கென்றே செய்தது. முள்ளுமுள்ளான ரயர், சேறு அடிக்காமல் தூக்கி வைத்த மட்கார்ட், என் நெஞ்சளவுக்கு சீற். மற்றது பட்டணத்துக் கிளாக்கர்மார் ஓடும் பதிந்த சைக்கிள். கந்தோரில் முதலாவதற்கு நெடுவல் என்றும் இரண்டாவதற்குக் கட்டையன் என்றும் பெயர் விழுந்தது.

கொழும்புக் கடிதத்தின் கடைசி வரிதான் பொல்லாதது. புதிய சைக்கிளை ஓட முடியாத ஊழியர்கள் கந்தோரில் பதிவேடு எழுதும் வேலைக்கு மாற்றப்படுவார்கள் என்று அதில் இருந்தது. அந்த வரி கமலா மிஸ்ஸின் தலையில்தான் விழுந்தது. அவர் உயரம் நாலடி பத்தங்குலம். குச்சவெளிப் பக்கம் ஒன்பது வருடமாகப் பழைய சின்ன மோட்டார் சைக்கிள் ஒன்றில் திரிந்து குழந்தைகளுக்கு நிறை பார்த்தவர். அந்தச் சைக்கிள் அந்த வருடம்தான் முழுதாகச் செத்தது. எந்த வகை என்று கடைசியில் தீர்மானிக்கக் கொழும்பு வைத்திருந்த ஆலோசகரின் மனம் ஏற்கெனவே நெடுவலில் என்று கதை வந்திருந்தது. உண்மையைச் சொன்னால் என் மனமும் அதில்தான். நான் ஐந்தடி ஓரங்குலம். கட்டை மனிசனுக்கு உயரமான சைக்கிளில் வரும் ஆசையை நான் விளக்க வேண்டியதில்லை.

உப்புவெளிக் கல்

முதல் நாளே நெடுவலை எடுத்துக்கொண்டு உப்புவெளிப் பக்கம் போனேன். ஓடும்வரை நான்தான் ராசா. சென்றியில் கை காட்டி மறித்தபோதுதான் என் கால் நிலத்துக்கு எட்டாது என்பது நினைவுக்கு வந்தது. சைக்கிளோடு மெல்லச் சரிந்து மண் மூட்டைகளின் மேல் போய்ப் படுத்தேன். சென்றி மண் மூட்டையில் போய் விழுவது அந்தக் காலத்தில் பகிடியான விஷயம் இல்லை. நாலு துவக்கு என்னைப் பார்த்தது. நான் படுத்தபடியே என் காலைக் காட்டி, பிறகு நிலத்தைக் காட்டி, இரண்டுக்கும் இடையில் இருந்த வெளியையும் காட்டினேன். ஒரு சொல்லும் பேசாமலே விளங்கிவிட்டது. சிரித்துச் சிரித்து இரண்டு பேர் வந்து சைக்கிளைத் தூக்கிவிட்டார்கள்.

அடுத்த நாள் போனால், மறிக்கும் இடத்தில் எனக்கென்று ஒரு சீமெந்துக் கல் வைத்திருந்தார்கள். நான் கல்லில் கால் வைத்து இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். பின்னால் வந்தவர் என்னைப் பார்த்துத் தானும் கல்லில் கால் வைத்து இறங்கினார். அவரைப் பார்த்து அடுத்தவரும் வைத்தார். ஒரு கிழமைக்குள் மிதி சைக்கிளில் வருபவர்கள்கூட அதில் ஒரு கால் வைத்துவிட்டுத்தான் அட்டையை நீட்டினார்கள். சென்றியில் ஆட்களும் மாறிவிட்டதால், புதிதாக வந்தவர்கள் இது மேலிடத்து ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் கட்டையனில் வந்து, கல்லை விலத்திப் போகப் பார்த்த என்னை, பின்னால் நின்ற தபால் கந்தோர்ப் பெரியவர் சேட்டில் பிடித்து இழுத்தார்.

"புதுச் சட்டம் தம்பி. இந்தக் கல்லில கால் வைக்காமல் போறவையைத் திருப்பி அனுப்புறாங்களாம்."

பாலையூற்று மைதானத்தில் ஒரு வாங்கு

ஓட முடியுமா முடியாதா என்று பார்க்காமல் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கமலா மிஸ் ஒரு சனிக்கிழமை என்னைப் பாலையூற்று மைதானத்துக்கு வரச் சொன்னார். அவர் ஏறுவதற்காகப் பக்கத்து வீட்டில், ஆட்கள் உட்காரும் நீட்டு வாங்கு ஒன்றை இரவல் வாங்கினேன். அதன் மேல் நின்று நெடுவலில் ஏறி, எடுத்த எடுப்பில் போய்விட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என்னை விட நன்றாக ஓடினார். பிரச்சினை நிறுத்துவதில்தான். இறங்குவதற்கு வாங்கு வேண்டும், வாங்குக்கு நேரே அசையாமல் நிற்க வேண்டும். ஒரு அங்குலம் பிசகினாலும் விழ வேண்டியதுதான்.

அதனால் அவர் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கட்டளை வந்தது. வாங்கைக் கொஞ்சம் முன்னால் இழுக்கச் சொன்னார். அடுத்த சுற்றில் கூடிப்போச்சு, பின்னால் தள்ளுங்கோ என்றார். நான் அந்த மைதானம் முழுக்க வாங்கை இழுத்துக்கொண்டு திரிந்தேன். பதினோராம் சுற்றில், பந்தடிக்க வந்தவர்களில் நாலு பேர் கூடவே ஓடிப் போய் இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தினார்கள். மிஸ் இறங்கி, தண்ணீர் குடித்து, அந்த வாங்கிலேயே உட்கார்ந்தார்.

"ஓட்டம் எனக்கு வரும் அண்ணை. போற வீட்டு வாசலெல்லாம் ஆர் எனக்கு வாங்கு வைக்கிறது?"

கிண்ணியாப் பாதையில் தயிர்

கிண்ணியாத் துறையைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்று பெயர். ஆள், ஆடு, சைக்கிள் எல்லாம் அதில்தான் ஏறும். படிவத்தின் ஒன்பதாம் நிரல் 'ஏற்றி இறக்கும் வசதி' என்று இருந்ததால் நெடுவலை அதில் ஏற்றினேன். கட்டையனுக்கு நடுவில் உறுதியான இரட்டைக்கால் ஸ்டாண்ட் உண்டு. நெடுவலுக்குப் பக்கத்தில் ஒற்றைக்கால் மட்டும்தான். திரும்பி வரும்போது பாதை கரையில் ஒரு இடி இடித்தது. நெடுவல் சாய்ந்தது. அது சாய்ந்த பக்கத்தில், தயிர்ச்சட்டி கட்டிய ஐந்து மிதி சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ஒன்றை ஒன்று தள்ளி ஐந்தும் படுத்தன.

பலகை எங்கும் எருமைத் தயிர். ஆடுகளுக்கு அன்று பெருநாள். தயிர்க்காரர் ஒரு மூத்த முஸ்லிம் ஆள். அவர் கோபிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. உடையாமல் மிஞ்சிய சட்டிகளைக் கரைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, இந்தச் சைக்கிளைப் பரிசோதிப்பது என் வேலை என்று அசட்டுத்தனமாக விளக்கம் வேறு சொன்னேன். அவர் என் கையில் இருந்த படிவத்தை ஒரு விரலால் தட்டினார்.

"அப்ப தம்பி, என்ட தயிரையும் அதுக்குள்ள ஒரு இடத்தில எழுதிப்போடுங்க."

ஆளில்லாத கிளினிக்

நெடுவலுக்கும் ஒரு நல்ல நாள் வந்தது. மாரி மழை விட்ட மறுநாள், குச்சவெளிக்கு உள்ளே ஒரு கிராமத்தில் கமலா மிஸ்ஸுக்கு நிறை பார்க்கும் கிளினிக். கட்டையன் அந்தச் சேற்றில் அச்சு வரை தாழ்ந்துவிடும். அதனால் நான் நெடுவலை ஓட, மிஸ் தராசுப் பையோடு பின்னால் இருந்தார். பள்ளம், சேறு, வேர் ஒன்றையும் அது கணக்கெடுக்கவில்லை. தார் றோட்டை விட்டு இறங்கியபின், கட்டையனில் இரண்டு மணித்தியாலம் போகும் பாதையை முப்பது நிமிடத்தில் முடித்தோம். மனதுக்குள் படிவத்தில் முழுப் புள்ளியும் போட்டுவிட்டேன்.

ஊரில் ஒரு சனம் இல்லை. ஒரு வீட்டு அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. இன்னொரு வாசலில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அந்த உயரச் சைக்கிள்களில் அந்தக் காலத்தில் துவக்கோடு யார் வருவார்கள், எதற்கு வருவார்கள் என்று அந்த ஊருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும், நான் எழுத வேண்டியதில்லை. மிஸ் மரத்தில் தராசைக் கட்டிவிட்டுக் காத்திருந்தார். வழக்கமாக இருபத்தைந்து பேர் வரும் இடத்தில் மூன்று தாய்மார்தான் காட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து வந்தார்கள். எனக்கு அவர்களின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. நடக்க முடியாததால் ஓடாமல் இருந்த ஒரு கிழவர் மட்டும் எங்களோடு கதைத்தார்.

"மிஸ்ஸின்ர பழைய சைக்கிள் எண்டால் சத்தத்தைக் கேட்டுப் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு வருவினம். இதின்ர சத்தத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடிட்டினம்."

ஆலோசகரின் பயணம்

மாதம் முடிய கொழும்பு ஆலோசகர் நேரில் வந்தார். ஆறடி உயரம், நல்ல மனிசன், மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். நான் கிராமத்தில் நடந்ததைச் சொல்லி, கட்டையன்தான் வேண்டும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சத்தத்துக்குப் படிவத்தில் நிரல் இல்லையே என்றார். வேகம், பள்ளம், சேறு, பாரம் எல்லாவற்றிலும் நெடுவல் முன்னுக்கு. நாளை குச்சவெளிக்குத் தானே ஓடிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைப்பதாகச் சொன்னார். கமலா மிஸ் அன்று மத்தியானம் ஒன்றும் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காலை ஆலோசகர் நெடுவலில், நான் அவருக்குப் பின்னால், மிஸ் கட்டையனில். எப்போதும் கொடி கட்டிய ஜீப்பில் வந்து போகிறவர் ஆதலால் சென்றி ஒழுங்கு அவருக்குத் தெரியாது. மோட்டார் சைக்கிள்காரர் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, நூறு யார் தூரத்துக்கு மேல் உருட்ட வேண்டும். பின்னால் இருப்பவர் தனி வரிசையில் நடந்து போக வேண்டும், கை கொடுக்க முடியாது. முதல் சென்றியில் சிரித்தபடி உருட்டினார். இரண்டாவதில் கோட்டைக் கழற்றினார். மூன்றாவதில் தார்ப்பீப்பாய்களுக்கு இடையில் நெடுவலின் அகலமான ஹாண்டில் மாட்டிக்கொண்டது. முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது. பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கி வைத்துத்தான் எடுத்தார். கமலா மிஸ் ஒரு கையில் குடை, ஒரு கையில் கட்டையன் என்று ஒவ்வொரு முறையும் அவருக்கு முன்பே போய் நிழலில் நின்றார். ஐந்தாவது சென்றியில் ஆலோசகர் மெல்ல, சைக்கிளை மாற்றிக்கொள்வோமா என்று கேட்டார். எனக்குக் கால் எட்டாதே சேர், என்று மிஸ் மிக மரியாதையாகச் சொன்னார்.

குச்சவெளிக்கு ஏழாவது சென்றியையும் தாண்டிப் போய்ச் சேர்ந்ததும் அவர் மரத்தடியில் சாய்ந்துவிட்டார். இளநீர் குடித்து மூச்சு வந்தபின், எழுந்து கட்டையனை ஒரு கையால் பிடித்து அந்த மரத்தை இரண்டு தரம் சுற்றி உருட்டிப் பார்த்தார். மாரியில் சேற்றுக்குள் தாழ்ந்தால் என்ன செய்வீர்கள் என்று மிஸ்ஸிடம் கேட்டார். அதையும் இறங்கி உருட்டத்தானே வேணும் என்றார் மிஸ். ஆலோசகர் படிவத்தை விரித்து, இருபத்திரண்டாம் நிரலுக்குப் பக்கத்தில் கையால் கோடு போட்டு இருபத்துமூன்றாவதாக ஒன்று கீறினார். தலைப்பாக 'உருட்டுதல்' என்று எழுதி, நெடுவலுக்குச் சைபர் போட்டார். கட்டையனின் பெயருக்கு நேரே கையெழுத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"முப்பது வருசமா ஓடுறேன் தம்பி. மோட்டார் சைக்கிளை நான் கூட்டிக்கிட்டு வந்தது இன்னைக்குத்தான்."

எட்டும் வந்தன

மூன்று மாதத்தில் எட்டுக் கட்டையனும் கந்தோர் வாசலில் வந்து இறங்கின. முதலாவது சைக்கிளைப் பூட்டித் திறக்கும் திறப்பைக் கமலா மிஸ்ஸின் கையில் கொடுத்தேன். பதிவேடு எழுத அவருக்கென்று ஒதுக்கி வைத்திருந்த மேசையில் தேநீர்க் கோப்பைகளை வைத்தோம். அன்றே குச்சவெளிக்குப் போனார். பழைய சைக்கிளைப் போன்ற அந்தச் சத்தம் கேட்டுத் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். ஒரு பிள்ளை நாலு மாதமாக நிறை ஏறாமல் இருந்ததைக் கண்டு, தாயையும் பிள்ளையையும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டி வந்து சேர்த்துவிட்டு, பின்னேரம் கந்தோருக்கு வந்தார். அந்த நாலு மாதத்துக்குள் நான் நெடுவலில் போய்க் கலைத்த கிளினிக்கும் அடக்கம் என்பதை நினைக்க எனக்கு இன்றைக்கும் நெஞ்சு குறுகுறுக்கும்.

கொழும்புக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் போட ஒரு வரி வேண்டும் என்று, புதுச் சைக்கிளின் ஓட்டம் எப்படி என்று மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் கதிரையில் இருந்து காலை நீட்டினார்.

"ஒரு நாளைக்கு சென்றியில இறங்காமல் குச்சவெளி வரைக்கும் போக விடட்டும் அண்ணை, ஓட்டம் எப்படியெண்டு அப்ப சொல்லுறன்."

அந்த நாள் வருவதற்குள் எட்டுக் கட்டையனிலும் ரயர் தேய்ந்ததை விட, எங்கள் செருப்புத்தான் கூடத் தேய்ந்தது.