தேயிலைக் கட்டைச் சிலுவை

நான் செய்யும் சிலுவைகளில் ஆணி கிடையாது. அவருக்கு அடித்த ஆணியே போதும் என்பது என் கட்சி. இரண்டு கட்டையிலும் காடி வெட்டி, ஒன்றில் ஒன்றை இறுக்கிவிடுவேன். வஹகோட்டைக் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள்.

பாரிசவாதம் வந்து என் மனைவியின் வலது கை விழுந்துவிட்ட வருடம், எல்கடுவைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே பழைய தேயிலையைப் பிடுங்கினார்கள். அவள் காலமெல்லாம் கொழுந்து பறித்த மலை அது. கிளினிக்கில் பந்து ஒன்றைக் கொடுத்து அமுக்கச் சொல்லியிருந்தார்கள். விரல்கள் அசையவே இல்லை. பந்து கட்டிலுக்கடியில் உருண்டு போய்விடும்.

"இந்தக் கை செத்துப் போச்சுங்க, விட்டுருங்க" என்றாள். எனக்கு அழுகைதான் வந்தது.

பிடுங்கிப் போட்டதில் ஒரு கட்டையைப் பொறுக்கி வந்து அறுத்தேன். கவ்வாத்துக் கத்தி வெட்டிய இடமெல்லாம் முடிச்சுப் போட்டு, ஆறி, மறுபடி துளிர்த்திருந்தது. எத்தனை வெட்டு, அத்தனை கணு. இவ்வளவு காலம் பக்கத்திலேயே இருந்தும் உள்ளே இப்படி இருக்குமென்று எனக்குத் தெரியாது. அறுத்த வாளைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கைக்கென்றே சின்னதாக ஒரு சிலுவை செய்து, காயட்டும் என்று அடுப்போரம் வைத்தேன். அது என் புத்தி. சமைக்க வந்த அவளுடைய தங்கை, புகையில் பார்க்காமல் அதையும் விறகோடு உள்ளே தள்ளிவிட்டாள். நான் கத்திய கத்தலில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"தேயிலக் கட்டய அடுப்புகிட்ட வச்சா வேற என்னா மச்சான் செய்வாங்க?" என்றாள். அதுவும் சரிதான். எங்கள் லயத்தில் அந்தக் கட்டைக்கு அடுப்பை விட்டால் போக்கிடம் இல்லை.

குறட்டால் இழுத்துத் தண்ணீரில் முக்கினேன். குறுக்குக் கட்டையில் ஒரு பக்கம் பாதி எரிந்திருந்தது. கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, கட்டிலில் இருந்து மனைவி, "அத இங்க தாங்க" என்றாள். வலது உள்ளங்கையில் வைத்து, விரல்களை நானே மடக்கிவிட்டேன். நனைத்தும் கட்டையில் வெதுவெதுப்புப் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, மீதிக் கரியையும் சுரண்டலாம் என்று எடுக்கப் போனேன். வரவில்லை. சேலையில் சிக்கியிருக்கிறது என்று நினைத்தேன். சிக்கவில்லை, அவள் பிடித்திருந்தாள்.

"விடு புள்ள, கையெல்லாம் கரி."

"இருக்கட்டுங்க" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"ஆண்டவரே" என்றேன். நம்பமுடியாமல் இன்னொரு தடவை இழுத்தேன். அவளும் இழுத்தாள்.