பேர் போடாத பனியன்

காலையில் போடியிலிருந்து மலையேறும் தோட்ட ஜீப்பில் நான் எப்போதும் கடைசிப் பலகையில்தான் உட்காருவேன். அங்கே உட்கார்ந்தால் யாரோடும் பேச வேண்டியதில்லை. ஏலக்காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேலே ஓர் ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொள்வோம். பனிக்கும் ஈரத்துக்கும் அது வேண்டும். வீட்டுக்காரர் சட்டை, மகன் சட்டை, தேர்தலுக்குக் கொடுத்த பனியன் என்று ஆளுக்கு ஒன்று. என்னுடையது கரும்பச்சையில் ஒரு பந்தாட்டப் பனியன். முதுகில் இருபத்தேழு என்று பெரிய எண். எண்ணுக்கு மேலே பேர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். “என்ன மதினி, இன்னைக்கு எந்த ஊர்ல மேட்ச்சு?” என்று யாராவது தொடங்கினால் ஜீப்பே சிரிக்கும். யார் என்ன சொன்னாலும் தலையைக் குனிந்துகொள்கிறவள் நான். ஆனாலும் இந்தப் பனியனை மட்டும் கழற்றியதில்லை.

இது என் தம்பி மகளுடையது. தம்பி மலைக்கு மேலே, கேரளத்துத் தோட்டத்தில், தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்து வீட்டில் இருக்கிறான். அங்கே சமதரை கிடையாது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால் இருந்த சரிவில்தான் அவள் ஆண்பிள்ளைகளோடு பந்து விளையாடினாள். பந்து தப்பினால் ஓடைவரை இறங்கி எடுத்து வர வேண்டும். அந்தச் சோம்பலிலேயே பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொள்ளப் பழகிவிட்டாள் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்து மேட்ச்சில் அவளைப் பார்த்துவிட்டு, கடலோர ஊர் ஒன்றில் சம்பளம் கொடுத்து ஆடவைக்கிற பெரிய கிளப்பிலிருந்து கூப்பிட்டார்கள். “அத்தை, என்னைய ரிசர்வுல எடுத்துட்டாங்க” என்று போனில் சொன்னாள்.

எங்கள் மலையில் ரிசர்வு என்றால் ஒன்றுதான். ஃபாரஸ்டுக்காரர்கள் எல்லைக்கல் நட்டு வைத்திருக்கும் காடு. அதற்குள் போய் ஒரு கிளையை ஒடித்தாலும் கேஸ். அதனால் மருமகளுக்கு ஃபாரஸ்டில் வேலை கிடைத்துவிட்டது என்றே நான் நினைத்தேன். வாயே திறக்காதவள் அன்றைக்குத் தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி அப்போதே, “ஒரு கட்டு வெறகுக்கு ஒம் மருமகட்ட ஒரு வார்த்தை சொல்லி வையி” என்று கேட்டுக்கொண்டாள். பிறகுதான் விஷயம் தெரிந்தது. பெரிய டீமுக்குப் பின்னால், சின்ன வயசுக்காரர்களை ஆடவைத்துப் பதப்படுத்தும் இன்னொரு டீமாம் அது. தெரு சிரித்து ஓய வெகுநாள் ஆயிற்று. தம்பிக்குத்தான் அது பொறுக்கவில்லை. ஆட விடாமல் அடுக்கி வைக்கிறதுக்கா பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பினோம் என்று புலம்பினான். பஞ்சு மில்லில் அவளுக்கு ஒரு வேலையும் சொல்லி வைத்தான். போய்க் கூட்டி வந்துவிடுவோம் என்று என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

கிளப்பின் பெரிய மைதானம் பூட்டிக் கிடந்தது. அதற்குப் பக்கத்திலிருந்த சின்ன மைதானம்தான் ரிசர்வு பிள்ளைகளுக்கு. பார்க்க வந்தவர்களை விட வேலியில் உட்கார்ந்திருந்த காக்காய்கள் அதிகம். முதல் பாதி முழுக்க அவள் பெஞ்சில்தான் இருந்தாள். தம்பி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். இரண்டாம் பாதியில் இறக்கிவிட்டார்கள். இறங்கியவள் பந்தைப் பார்க்காமல் அப்பன் முகத்தையே பார்த்தாள். காலுக்கு வந்த பந்து நழுவிப் போயிற்று. அடுத்ததும் போயிற்று. மில்லு வேலை விஷயம் அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. ஆட்டத்தின் நடுவிலேயே காணாமல் போய்க்கொண்டிருந்தாள்.

ஏலத்தட்டை ஆள் உயரத்துக்கும் மேலே வளரும். உள்ளே இறங்கிவிட்டால் பக்கத்தில் காய் எடுக்கிறவள் கூடத் தெரியமாட்டாள். அதனால் அப்பப்ப ஒருத்தி கூவுவாள். மற்றவர்கள் பதிலுக்குக் கூவ வேண்டும். முகத்தில் முழிக்காத சண்டைக்காரியாக இருந்தாலும் பதில் கொடுத்தே ஆக வேண்டும். பதில் வரவில்லை என்றால் காட்டுமாடோ, வழுக்கி விழுந்தாளோ என்று கூடையைப் போட்டுவிட்டு ஓடுவோம். மருமகளும் லீவு நாட்களில் என்னோடு காட்டுக்கு வந்தவள்தான், அவளுக்கும் அது தெரியும்.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு, மலையில் கூவுகிற மாதிரியே அடிவயிற்றிலிருந்து கூவினேன். காக்காய்கள் பறந்தன. ஊதல்காரர் திரும்பிப் பார்த்தார். தம்பி என் சேலை முந்தியைப் பிடித்து இழுத்தான். அவள் நின்றாள். தலையைத் தூக்கினாள். அத்தனை பேர் நடுவிலிருந்து, “ஊ…ய்” என்று பதில் கொடுத்தாள். அதற்கப்புறம் அப்பன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. கோல் ஒன்றும் போடவில்லை. அவர்கள் டீம் தோற்றும் போனது. ஆனால் சரிவில் ஓடிய அந்தப் பிள்ளையை நான் மறுபடியும் பார்த்தேன். யாராலும் அவள் காலிலிருந்து பந்தைப் பிடுங்க முடியவில்லை.

முடிந்ததும் தம்பி, “பைய எடுத்துட்டு வரச் சொல்லுக்கா, வெரசாக் கெளம்பணும்” என்றான். அவனுக்கு எதிராக நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் வீட்டில் ஆம்பளைகள் சொன்னால் சொன்னதுதான். அன்றைக்குச் சொன்னேன்.

“ரிசர்வுன்னா வெட்டக்கூடாதுன்னு அர்த்தம்டா. நீயும் வெட்டக்கூடாது.”

நாங்கள் இரண்டு பேர் மட்டும் பஸ் ஏறினோம். ஏறும்முன் அவள் ஓடி வந்து இந்தப் பனியனை என் கையில் திணித்தாள். அதில் ஏன் பேர் இல்லை என்று கேட்டேன். பெரிய டீமுக்குப் போனால்தான் பேர் போடுவார்களாம்.

அவள் பெரிய டீமுக்குப் போகவில்லை. அந்தக் கிளப்பு ரிசர்வு டீமையே கலைத்துவிட்டது. என் வீட்டுக்கு வந்தவளைப் பார்த்துத் தெரு பேச ஆரம்பிக்கும் முன்பே, தானாகப் போய் வேறொரு கிளப்பில் ஆடிக் காட்டிச் சேர்ந்துவிட்டாள். “மறுபடியும் ரிசர்வுதான் அத்தை” என்றாள் போனில். குரல் தாழ்ந்திருந்தது. நான் வேறொன்றும் சொல்லத் தெரியாமல் போனிலேயே கூவினேன். அங்கிருந்தும் “ஊ…ய்” என்று பதில் வந்தது.

போன வாரம் ஜீப்பு போடிமெட்டு வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கும்போது, முன்னால் இருந்தவள் திரும்பி என் பனியனைப் பார்த்தாள். “ஏன் மதினி, ஒம் மருமக இன்னுமா ரிசர்வுல இருக்கா?” என்றாள். வழக்கம் போல எல்லாரும் சிரிக்கத் தயாரானார்கள். நான் தலையைக் குனியவில்லை. டிரைவருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

“ஆமா. இன்னும் ஒருத்தனும் வெட்டலை.”