இரண்டு அடுப்பு

மகளுக்குப் பதினெட்டு வயது ஆகப் போகிறதே என்று நான் பயந்த மாதிரி எந்த நோய்க்கும் பயந்ததில்லை. மற்ற வீடுகளில் பெண்ணுக்குப் பதினெட்டு ஆனால் ஓட்டுப் போட அட்டை வாங்குவார்கள், ஜாதகத்தை வெளியே எடுப்பார்கள். நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் மதுரை கோரிப்பாளையத்தில் நடந்த ஒரு கூட்டத்தால் வந்தது. மாடியில் ஓர் அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ, சமோசா, எங்களைப் போலத் தொழில் செய்கிற பெண்கள். என்ன தொழில் என்று நான் மூடி மறைக்கப் போவதில்லை. உடம்பை விற்கிற தொழில். கொட்டாம்பட்டிப் பக்கம் களை எடுத்துக்கொண்டிருந்தவள், புருஷன் விட்டுவிட்டு ஓடிய பிறகு கைக்குழந்தையோடு மதுரைக்கு வந்தேன். ஏன் இதற்கு வந்தாய் என்று கேட்கிறவர்கள் யாரும் அன்றைக்கு எனக்கு வேறு வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை.

கூட்டத்துக்கு ஒரு வக்கீலம்மா வந்திருந்தார். நல்ல மனுஷி. வெள்ளைக்காரன் தன் பட்டாளத்துக்காகப் பெண்களைப் பதிவு செய்து கட்டாயமாக டாக்டரிடம் காட்ட வைத்ததில் ஆரம்பித்து, கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் ஒழிந்தது, இப்போதைய சட்டம் வந்தது வரைக்கும் சொன்னார். இதை அடியோடு ஒழிக்க வேண்டும் என்பவர்களும், மற்ற வேலைகளைப் போல இதையும் ஒரு வேலையாக ஏற்க வேண்டும் என்பவர்களும் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். உடனே எங்களுக்குள்ளும் கட்சி பிரிந்தது.

"லைசென்ஸ் குடுத்துட்டா போலீஸ் தொல்லை விட்டுப் போகும்ல?" என்றாள் ஒருத்தி.

"ஆமா, போட்டோ ஒட்டி வீட்டுல மாட்டிக்க. பொண்ணு பாக்க வாரவங்க நல்லாப் பாத்துட்டுப் போகட்டும்" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தோம்.

வக்கீலம்மாவும் சிரித்துவிட்டு, "வயசு வந்த ஒரு பொண்ணு தன் விருப்பப்படி இதைச் செய்யறது மட்டுமே குற்றம்னு சட்டம் சொல்லலை" என்றார். கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்ததைச் சொன்னார். "ஆனா அந்த வருமானத்துல, பதினெட்டு வயசுக்கு மேல உள்ள யாராவது தெரிஞ்சே வாழ்ந்தா அவங்க மேல கேஸ் போடலாம். ஜெயில் உண்டு."

"பெத்த பிள்ளை மேலயுமா மேடம்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"பிள்ளைன்னு தனியா விலக்கு எதுவும் இல்லைம்மா. கோர்ட்ல வாதாடிப் பாக்கலாம்."

கோர்ட்டாம். கோர்ட் படியேறினாலே என் மகளின் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகும் அவர் என்னென்னவோ சொன்னார். எதுவும் என் காதில் ஏறவில்லை.

காளவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறப் போகிறேன் என்றுதான் மகளிடமும் சந்திலும் சொல்லியிருந்தேன். தொழிலை வாசல் பக்கம் கொண்டுவந்ததே கிடையாது. 'தெரிஞ்சே' என்று சட்டம் சொல்கிறதல்லவா, அவளுக்குத்தான் தெரியாதே என்று மனதைத் தேற்றினேன். தேறவில்லை. ராத்திரி பகல் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அவள் என் சோற்றைச் சாப்பிட்டால்தானே குற்றம்?

தினமும் காலேஜ் விட்டு வந்ததும் வேலை பார்க்க ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளைச் சேர்த்தேன். சின்ன அடுப்பு ஒன்று வாங்கி ஜன்னலோரம் வைத்தேன். அவளுக்குத் தனி அரிசி, தனி எண்ணெய், தனிப் பாத்திரம்.

"நான் என்னம்மா தப்புப் பண்ணேன்?" என்று கேட்டாள்.

"நாளைக்கு வேலைக்குப் போற எடத்துல யாரு ஆக்கிப் போடுவா? பழகிக்க."

குழைந்த சோறும் உப்பில்லாத ரசமுமாகத் தின்றாள். ஒரு நாள் நான் அயிரைமீன் குழம்பு வைத்திருந்தேன். ஒரு கரண்டி கேட்டாள். எடுத்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கரண்டியில் அவள் ஜெயிலுக்குப் போய்விடுவாள் என்று நிஜமாகவே நம்பினேன். அவள் எழுந்துபோய்த் தட்டைக் கழுவினாள்.

அவளுக்குப் பதினெட்டு முடிந்து கொஞ்ச நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் ஜீப் நின்றது. சந்தில் யாரோ என் மேல் மனு கொடுத்திருக்கிறார்கள். ஒரு பெண் எஸ்.ஐ.யும் ஒரு கான்ஸ்டபிளும் உள்ளே வந்தார்கள். எங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள், பீரோவைப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. போய்விடுவார்கள் என்று மூச்சு விட்டபோது எஸ்.ஐ. சமையல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"எத்தனை பேரு இருக்கீங்க?"

"நானும் மகளும்தான் மேடம்."

"ரெண்டு பேருக்கு எதுக்கு ரெண்டு அடுப்பு?"

இந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை நாள் பாடுபட்டேன். முந்திக்கொண்டு சொன்னேன். "அவ தனியாத்தான் ஆக்கிச் சாப்புடுறா மேடம். என் காசுல ஒரு பருக்கை தொட மாட்டா."

எஸ்.ஐ. என் மகளை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இவளும் சம்பாதிக்கிறா. ஏன்டி, பெத்த தாயும் மகளும் எந்த வீட்டுலயாச்சும் தனித்தனியா உலை வைப்பாங்களா? நீ ஒருத்தி இருந்தா இது வீடு. ரெண்டு பேரு சேர்ந்து தொழில் பண்ணா சட்டத்துல இதுக்குப் பேரு விபசார விடுதி. தெரியும்ல?"

வக்கீலம்மா அன்றைக்கு இதையும் சொல்லியிருப்பார். நான்தான் காதில் வாங்கவில்லை. என் காசு என்றால் அவள் குற்றவாளி. அவள் காசு என்றால் அவளும் என்னைப் போல. ஜெராக்ஸ் கடை என்று சொல்ல வாயெடுத்தேன், இனி நான் சொல்வதை யார் நம்புவார்கள்? என் மகளை நானே கையைப் பிடித்து அழைத்துப்போய் அந்தக் கேள்விக்கு முன்னால் நிறுத்தியிருந்தேன்.

கான்ஸ்டபிள் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் என் மகள் பேசினாள்.

"நான் சம்பாதிக்கிறது ஜெராக்ஸ் கடையில மேடம், போன் போட்டுக் கேளுங்க. அந்த அடுப்பு எங்கம்மா பயந்துபோயி வாங்கி வச்சது. என் பீஸு, பஸ் பாஸு, போட்டிருக்க இந்தச் சுடிதாரு, எல்லாம் எங்கம்மா காசு. அது என்ன வேலை பாக்குதுன்னு எட்டாப்புப் படிக்கையிலயே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சாப்புட்டேன். எழுதிக்கங்க, நான் எங்கம்மா காசுலதான்..."

பாய்ந்து அவள் வாயைப் பொத்தினேன்.

எஸ்.ஐ. கான்ஸ்டபிளிடம் எழுத வேண்டாம் என்று கையைக் காட்டினார். "வெளிய எங்கயும் இப்பிடிப் பேச விட்றாத" என்றார் என்னிடம். வீட்டுக்காரரிடம், "காலி பண்ணச் சொல்லிருங்க" என்றார். கான்ஸ்டபிள் பேனாவை மூடினார்.

ஜீப் சந்தைத் தாண்டிப் போன பிறகும் நான் கையை எடுக்கவில்லை. உள்ளங்கைக்குள் அவள் உதடுகள் இன்னும் பேசிக்கொண்டிருந்தன.